சோலார் பேனலுக்குச் சூடு பிடிக்காது: வெப்பத்தையும் சூரிய ஆற்றலையும் குழந்தைகள் கையால் செய்து அறிய

கத்திரி வெயில் தொடங்கியதும் ஊரெங்கும் ஒரு பேச்சு கிளம்பும்: "இந்தச் சூட்டுக்கு, மாடியில சோலார் போட்டவங்களுக்குக் கரண்ட் கொட்டும்." பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனால், அட்டையில் ஒட்டிய சின்னப் பேனலுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையும் "இது சூரிய வெப்பத்தை மின்சாரமாக மாற்றுகிறது" என்று மனப்பாடமாகச் சொல்லும். இரண்டும் தவறு. பேனல் ஓடுவது ஒளியில். வெப்பம் அதற்கு இடைஞ்சல்.

வெப்பம், வெப்பநிலை, ஒளி மூன்றையும் நாம் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். அதனால்தான் இந்தக் குழப்பம். பெரியவர்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாததைப் பிள்ளைகளிடம் வரையறையாகக் கொடுத்தால் அது தேர்வுத்தாளோடு முடிந்துபோகும். இவற்றைப் பிரித்துப் பார்க்க விலையுயர்ந்த கிட் எதுவும் வேண்டாம். வீட்டுப் பாத்திரங்கள், ஐஸ் கட்டி, அட்டைப்பெட்டி, ஒரு தெர்மாமீட்டர், கடைசிக் கட்டத்துக்கு ஒரு பொம்மைப் பேனலும் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரும் இருந்தால் எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு எல்லாவற்றையும் செய்துவிடலாம்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது 35 டிகிரியிலிருந்து 42 டிகிரி வரைதான் காட்டும். 110 டிகிரி வரை காட்டும் ஆய்வகத் தெர்மாமீட்டரோ, சமையலுக்கு விற்கும் குச்சி போன்ற டிஜிட்டல் தெர்மாமீட்டரோ வாங்குங்கள். உடைந்தால் ஆபத்து என்பதால் பாதரசம் உள்ளது வேண்டாம்.

எல்லாச் சோதனைக்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்கும் என்று பிள்ளைகள் முதலில் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் தொட வேண்டும். முன்கூட்டி எழுதாத பிள்ளை, முடிவைப் பார்த்ததும் "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிடும். எழுதிய பிள்ளைதான் தன் எண்ணம் எங்கே தவறியது என்று யோசிக்கும்.

கையை நம்பலாமா?

மூன்று கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐஸ் போட்ட தண்ணீர், ஒன்றில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர், நடுவில் சாதாரணக் குழாய்த் தண்ணீர். பிள்ளை ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையை வெந்நீரிலும் அரை நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் சேர்த்து நடுக்கிண்ணத்தில் விடட்டும். ஒரு கைக்கு அது சுடும், மறு கைக்கு அதே தண்ணீர் குளிரும்.

அடுத்து, ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த எவர்சில்வர் தட்டையும் மரப்பலகையையும் தொடச் சொல்லுங்கள். தட்டுதான் குளிர்ச்சி என்று எல்லாரும் எழுதுவார்கள். இரண்டின் மேலும் ஒரே அளவு ஐஸ் கட்டியை வைத்தால் எது முதலில் உருகும் என்று கேளுங்கள். "பலகையில்தான், தட்டு ஜில்லுனு இருக்கே" என்று பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். தட்டில் வைத்ததுதான் முதலில் உருகும்.

தட்டும் பலகையும் அறையின் வெப்பநிலையில்தான் இருந்தன. உலோகம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், மரம் மெதுவாகக் கடத்தும். தட்டைத் தொட்டதும் கையிலிருந்த வெப்பம் விரைந்து வெளியேறுகிறது, அதனால் குளிர்கிறது. ஐஸ் வைத்தாலோ தட்டிலிருந்த வெப்பம் விரைந்து ஐஸுக்குள் போகிறது, அதனால் உருகுகிறது. நம் தோல் உணர்வது பெரும்பாலும் வெப்பம் எவ்வளவு வேகமாகப் போகிறது, வருகிறது என்பதைத்தான். வெப்பநிலையைச் சொல்லத் தெர்மாமீட்டர் வேண்டும்.

வெப்பநிலை மட்டம், வெப்பம் அளவு

ஒல்லியான பாட்டிலிலும் அகலமான அண்டாவிலும் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டம் ஒன்றுதான், ஆனால் அண்டாவில் தண்ணீர் பல மடங்கு அதிகம். இரண்டையும் அடியில் ஒரு குழாயால் இணைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முடிவு செய்வது மட்டம்தான். பாட்டிலில் மட்டம் உயர்ந்திருந்தால், தண்ணீர் குறைவாக இருந்தாலும் அது அண்டாவை நோக்கி ஓடும்.

வெப்பநிலை என்பது அந்த மட்டம் போன்றது. ஒரு பொருளின் துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதை அது சொல்கிறது. வெப்பம் என்பது மட்ட வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஆற்றல். தானாக விட்டால் அது எப்போதும் வெப்பநிலை கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே போகும். 'குளிர்' என்று தனியாக ஒன்று ஓடுவதில்லை. ஜன்னலைத் திறந்தால் குளிர் உள்ளே வருகிறது என்கிறோம். நடப்பது என்னவோ அறையின் வெப்பம் வெளியேறுவதுதான்.

இதை எண்ணாகப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு பாத்திரங்களில் 30 டிகிரியில் ஒவ்வொரு லிட்டர் தண்ணீர் எடுங்கள். ஒன்றில் 60 டிகிரி வெந்நீர் 200 மில்லி ஊற்றுங்கள், இன்னொன்றில் அதே 60 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். முதல் பாத்திரம் சுமார் 35 டிகிரிக்கு வரும், இரண்டாவது சுமார் 45 டிகிரிக்கு வரும். பாத்திரமும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் சற்றுக் குறைவாகக் காட்டலாம். ஊற்றிய நீரின் வெப்பநிலை ஒன்றுதான், கொண்டுவந்த வெப்பம் வேறு.

இப்போது கம்பளிக்கு வருவோம். ஒரே அளவு ஐஸ் கட்டிகள் இரண்டு. ஒன்றைத் தட்டில் அப்படியே விடுங்கள், மற்றதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்வெட்டரிலோ கனத்த துண்டிலோ சுற்றுங்கள். ஸ்வெட்டர் சூடு தருவது என்று நம்பும் பிள்ளை, சுற்றிய ஐஸ் முதலில் உருகும் என்று எழுதும். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள், சுற்றியதுதான் பெரிதாக இருக்கும். கம்பளி தானாக எதையும் சூடாக்குவதில்லை, வெப்பம் பாயும் வேகத்தைக் குறைக்கிறது. வெப்பம் உள்ளே வருவதையும் தடுக்கும், வெளியே போவதையும் தடுக்கும். இந்த ஒரு முடிவு தெளிவானால் பின்னால் வரும் சூரிய அடுப்பு பாதி புரிந்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. வெப்பம் மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்குப் பாயும். பாயும் வேகத்தைப் பொருள்கள் கூட்டும் அல்லது குறைக்கும்.

சூரியனிலிருந்து என்ன வருகிறது?

சூரியனுக்கும் நமக்கும் நடுவில் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடம். கடத்த உலோகமும் இல்லை, சுமந்துவரக் காற்றும் இல்லை. அங்கிருந்து 8 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்து சேர்வது கதிர்வீச்சு. அதில் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஒரு பகுதி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் இன்னொரு பெரும்பகுதி. அகச்சிவப்பு என்பது சிவப்பு ஒளிக்கு அடுத்து, கண்ணின் எல்லைக்கு வெளியே இருக்கும் கதிர். 1800-ல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்தார். சிவப்புக்கு வெளியே, ஒளியே தெரியாத இடத்தில் வைத்ததும் சூடேறியது. தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு பிள்ளைகள் செய்யக்கூடிய அளவுக்கு எளிய ஒரு வேலையிலிருந்து இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வந்திருக்கிறது என்பதை அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தக் கதிர்கள் ஒரு பொருளில் பட்டு உறிஞ்சப்படும்போதுதான் வெப்பமாகின்றன. ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒன்றுக்கு வெளியே மங்கலான கருப்புப் பெயிண்டும் மற்றதுக்கு வெள்ளையும் அடித்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மூடி, தெர்மோகோல் துண்டின் மேல் வெயிலில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் கருப்பு முந்தும். இதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது.

அடுத்த பாதியைத்தான் யாரும் செய்து பார்ப்பதில்லை. இரண்டு டம்ளரிலும் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றி நிழலில் வையுங்கள். கருப்பு சீக்கிரம் ஆறும் என்றுதான் பலரும் எழுதுவார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆறும். வெந்நீர் டம்ளரும் கதிர் வீசுகிறது, ஆனால் அது முழுக்க அகச்சிவப்பு. அந்தக் கதிருக்கு வெள்ளைப் பெயிண்டும் கருப்புப் பெயிண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெள்ளை, கருப்பு என்ற வேறுபாடு நம் கண் பார்க்கும் ஒளிக்கு மட்டுமே பொருந்தும். மொட்டை மாடியில் வெள்ளை அடிப்பது நல்ல யோசனை என்பதற்கு முழுக் காரணமும் இங்கே இருக்கிறது. பகலில் அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இரவில் கருப்புக்குச் சளைக்காமல் வெப்பத்தை வானத்துக்கு விடுகிறது.

அட்டைப்பெட்டிச் சூரிய அடுப்பு

ஒரு நாள் முழுவதும் ஒதுக்கத் தகுந்த வேலை இது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சிறிய பெட்டியை வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளியில் கசக்கிய செய்தித்தாளையோ வைக்கோலையோ அடைத்துவிடுங்கள். உள்பெட்டியின் சுவர்களில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒட்டி, அடியில் கருப்புத் தகடு போடுங்கள். மேலே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் விளிம்பு கையைக் கிழிக்காதபடி டேப் ஒட்டுங்கள். பெரிய பெட்டியின் ஒரு மடிப்பில் அலுமினியத் தாளை ஒட்டி, குச்சியால் முட்டுக்கொடுத்து, வெயில் கண்ணாடிக்குள் விழுமாறு சாய்த்து நிறுத்துங்கள். பாத்திரம் மெல்லியதாக, வெளியே கருப்பாக, மூடியோடு இருக்கட்டும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை. அலுமினியத் தாள் கூடுதல் ஒளியை உள்ளே திருப்புகிறது. கருப்பு அதை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. செய்தித்தாள், ஸ்வெட்டர் போல வெப்பம் பக்கவாட்டில் தப்புவதைத் தடுக்கிறது. கண்ணாடிக்கு இரட்டை வேலை: சூடான காற்று மேலே கிளம்பிப் போகாமல் மூடுகிறது, உள்ளே சூடேறிய பொருள்கள் விடும் அகச்சிவப்பையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெயில் ஒளி மட்டும் தடையில்லாமல் உள்ளே நுழைகிறது.

செய்து முடித்ததும் வெல்லம் உருகியதைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கலைந்துவிட வேண்டாம். உண்மையான பாடம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு குழுக்கள் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் செய்யட்டும். பிறகு ஒன்றில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றட்டும். ஒரு நாள் கண்ணாடியை எடுத்துவிடலாம், இன்னொரு நாள் செய்தித்தாளை உருவிவிடலாம், மற்றொரு நாள் கருப்புத் தகட்டை வெள்ளையாக்கலாம். எதை எடுத்தால் எத்தனை டிகிரி குறைகிறது என்று பட்டியல் போட்டால், எந்தப் பாகம் எவ்வளவு முக்கியம் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இரண்டு பாகத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போகும். இதை ஒருமுறை அவர்களே சந்தித்துவிட்டால் அறிவியல் சோதனை என்பதன் அடிப்படை கைவந்துவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளாக இருந்தால் கணக்கும் போடலாம். தெளிந்த வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. வாட் என்பது ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றல் என்பதற்கான அளவு. ஆற்றலை அளப்பது ஜூலில், நொடிக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு வாட். 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் கண்ணாடிக்கு அதில் 90 வாட் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4200 ஜூல் ஆற்றல் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுபோக 2,52,000 ஜூல். ஒரு துளி வெப்பம்கூடத் தப்பாவிட்டாலே ஏறக்குறைய 47 நிமிடம் ஆகும். உண்மையில் நிறையத் தப்பும், அதனால் ஒரு லிட்டர் தண்ணீர் அந்தச் சின்னப் பெட்டியில் 90 டிகிரியை எட்டுவதே கடினம். அதனால்தான் கால் டம்ளர் அரிசி, ஒரு முட்டை, கொஞ்சம் வெல்லம் என்று சிறிய அளவில் தொடங்கச் சொல்கிறேன். அரிசி வேக நீர் கொதிக்கத்தான் வேண்டும் என்றில்லை. 80 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் போதும். காலை பத்து மணிக்கே வைத்துவிடுங்கள், பெட்டியை அவ்வப்போது சூரியன் பக்கம் திருப்பிவிடுங்கள். அரைகுறையாக வெந்ததைச் சாப்பிட விடாதீர்கள்.

உள்பாத்திரத்தைத் துணியோடுதான் பெரியவர்கள் எடுக்க வேண்டும். பிரதிபலிக்கும் தாளில் தெரியும் சூரியனையும், வானத்தில் இருக்கும் சூரியனையும் பிள்ளைகள் நேராகப் பார்க்கவே கூடாது.

இந்தப் பெட்டியின் மூதாதை 1767-ல் ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஹொராஸ் பெனடிக்ட் டி சொசூர் செய்தது. கண்ணாடி அடுக்குகள் வைத்த அவருடைய பெட்டிகளில் வெப்பநிலை, நீரின் கொதிநிலையையும் தாண்டியது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் அடுத்துச் செய்தது. காற்று கடுங்குளிராக இருந்த மலை உச்சிக்குப் பெட்டியைக் கொண்டுபோனார். அங்கேயும், கீழே சமவெளியில் சூடேறிய அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு உள்ளே சூடேறியது. சுற்றியிருக்கும் காற்றின் சூட்டால் பெட்டி சூடாகவில்லை, உள்ளே வந்து மாட்டிய கதிரால் சூடானது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும் குடும்பங்கள் வெயில் தெளிந்த ஒரு நாளில் இதைச் செய்து பார்க்கலாம்.

சரி, சுருக்கம்: சூரியனிலிருந்து வருவது கதிர். உறிஞ்சப்பட்ட பிறகே அது வெப்பம். சூரிய அடுப்பு கதிரை வெப்பமாக்கி, அந்த வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் பெட்டி.

பேனலுக்குள் நடப்பது வேறு

இப்போது பொம்மைப் பேனலை எடுங்கள். 6 வோல்ட் என்று விற்கும் சின்னப் பேனல் போதும். இருட்டறையில் அதை மல்டிமீட்டரோடு இணைத்து, சூடான தோசைக்கல்லைப் பெரியவர் ஒருவர் பேனலுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடிக்கட்டும். கையை நீட்டினால் அனல் தெரியும், மீட்டரிலோ ஒன்றும் ஏறாது. கல்லை எடுத்துவிட்டு, தொட்டால் சுடாத எல்இடி டார்ச்சைப் பேனல்மேல் அடியுங்கள். மீட்டர் உடனே காட்டும். பேனல் வெப்பத்தில் ஓடுகிறது என்று எழுதிவைத்த பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

காரணம் இதுதான். பேனல் சிலிக்கானால் ஆனது. ஒளி, போட்டான் என்னும் சிறு பொட்டலங்களாக வந்து விழுகிறது. ஒரு பொட்டலத்தில் குறைந்தபட்ச ஆற்றல் இருந்தால், அது சிலிக்கானில் கட்டுண்டிருக்கும் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும். விடுபட்ட எலக்ட்ரானைச் சிலிக்கானுக்குள் அமைந்திருக்கும் மின்புலம் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, அந்த ஓட்டமே மின்சாரம். தோசைக்கல் விடும் அகச்சிவப்புப் பொட்டலம் ஒவ்வொன்றும் ஆற்றல் குறைந்தது. எத்தனை வந்தாலும் எந்த ஒன்றாலும் எலக்ட்ரானை விடுவிக்க முடியாது.

அடுத்தது வெயிலில். நிழலில் குளிர்ந்திருந்த பேனலை உச்சி வெயிலில் வைத்தவுடன் மீட்டரைப் படியுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டால் வெயில் மாறாமலே எண் மெல்ல இறங்கும். பேனலின் பின்பக்கம் ஈரத்துணியை ஒட்டவையுங்கள், 0.2 அல்லது 0.3 வோல்ட் திரும்ப ஏறும். சூடேறச் சூடேற, சிலிக்கான் தரக்கூடிய வோல்டேஜ் குறைகிறது.

பெரிய பேனலிலும் இதே கதைதான். அட்டையில் எழுதியிருக்கும் வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது தருவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை போகும். கோடையில் மாடிப் பேனல் 65 டிகிரியைத் தொட்டால், அட்டையில் 100 வாட் என்றிருப்பதில் சுமார் 14 வாட் சூட்டாலேயே போய்விடும். பேனலைத் தளத்தோடு ஒட்டாமல் காற்றோட இடம் விட்டுத் தூக்கி நிறுத்துவது இதற்கும்தான். தெளிந்த வானும் குளிர்ந்த காற்றும் உள்ள லடாக் பேனலுக்கு அருமையான இடம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் நிறுவியதும் அந்த மண்ணின் சூட்டுக்காக அல்ல. ஆண்டில் நிறைய நாள் தெளிந்த ஒளி வேண்டும், பரந்த நிலம் வேண்டும்.

மாடியில் இரண்டு சோலார்

பல வீட்டு மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டரும் பேனலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஹீட்டர், அவர்கள் செய்த அட்டைப்பெட்டியின் அண்ணன். கருப்புப் பூச்சு ஒளியை உறிஞ்சுகிறது, இரட்டைக் கண்ணாடிக் குழாயின் நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தைத் தப்பவிடாமல் காக்கிறது. சூடான தண்ணீர் எடை குறைந்து தானே மேலேறித் தொட்டிக்குப் போகிறது. நல்ல ஹீட்டர், விழும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெந்நீராக்கிவிடும். இன்றைய பேனல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாக்குகிறது. குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவதற்காக மட்டும் பேனல் போட்டு, அந்த மின்சாரத்தில் கெய்சரை ஓட்டுவது இருக்கிற மாடியை வீணாக்குவதுதான். விளக்குக்கும் விசிறிக்கும் பேனல் வேண்டும், வெந்நீருக்கு ஹீட்டர் போதும்.

இந்த எண்களைச் சொன்னதும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "மிச்சம் நாலு பங்கு எங்கே போகுது?" கொஞ்சம் திரும்பி ஒளியாகவே போகிறது, பெரும்பகுதி பேனலைச் சூடாக்குகிறது. "அப்போ பின்னாடி தண்ணி விட்டா பேனலும் குளிரும், தண்ணியும் சுடும்ல?" சுடும். பின்பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடும் பேனல்களை உண்மையிலேயே செய்கிறார்கள். கேட்ட பிள்ளையின் கையில் பொம்மைப் பேனலையும், மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய குழாயையும், தெர்மாமீட்டரையும் கொடுங்கள். உள்ளே போகும் தண்ணீர் எத்தனை டிகிரி, வெளியே வருவது எத்தனை டிகிரி, மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று அதுவே அளந்து எழுதட்டும்.